குடைக்கரடிப் பேணகம்

தான் ஒரு சேகரிப்பாளர் என்பது பாஸ்கலுக்கு அறுபத்து நான்காவது வயதில், வீட்டு வாசலில் வைத்துப் பொன்னாடை போர்த்திய அன்றைக்குத்தான் தெரியவந்தது. அதுவரை அவர் தன்னைக் கொம்யூன் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியில் மோட்டார் போட்டு ஓய்வுபெற்றவர் என்றும், சகாய சுரேஷின் அப்பா என்றும் மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார்.

சகாய சுரேஷுக்கு முப்பத்தாறு வயது. வளர்ந்த உடம்பு, மனசு மட்டும் ஏதோ ஒரு வயதில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது. நாளுக்குப் பத்துப் பதினைந்து சொல் பேசுவான். யாரையும் தொந்தரவு செய்யமாட்டான். அவனுக்கு ஐந்து வயதிருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் டிவியில் ஒரு பொம்மைப்படத் தொடர் ஓடும். பிரான்சில் வரைந்து, இந்தியில் பேசவைத்து, வில்லியனூருக்கு மேற்கே இருந்த அந்தக் கிராமம்வரை வந்து சேர்ந்த தொடர். மழையே பெய்யாத ஓர் ஊரில் எந்நேரமும் குடையும் கையுமாக அலையும் கரடியின் கதை. ஊரில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. கரடியும் அதிகம் பேசாது. இரண்டும் சேர்ந்தோ என்னவோ, சகாயத்துக்கு அதைப் பிடித்துப்போனது.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா வீட்டில் இருந்து குடைக்கரடி போட்ட டிஷர்ட் ஒன்று வந்தது. சகாயம் அதைப் போட்டுக்கொண்டான். அத்தோடு சரி. குடைக்கரடி இல்லாத சட்டை அதன்பிறகு அவன் உடம்பில் ஏறவில்லை. வேறு எதைப் போட்டாலும் உரித்துப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவான். அவன் அம்மா ரோஸி மேரி ஒருமுறை வில்லியனூரில் கரடிப் படம் அச்சடித்து ஒரு சட்டை வாங்கிவந்தாள். அவன் நகத்தால் கரடியின் கண்ணைத் தடவிப் பார்த்தான். நிஜக் கரடிக்குக் கண் ரப்பர்போல் தடித்திருக்கும். இது வழவழவென்று இருந்தது. "இல்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

தொடர் நின்றது. சட்டை தயாரிப்பதும் நின்றது. சகாயம் வளர்வது மட்டும் நிற்கவில்லை. பாஸ்கல் தேட ஆரம்பித்தார். புதுச்சேரி ஞாயிறு சந்தையில் பழைய துணிக் குவியலுக்குள் தலையை விட்டார். சொல்தா வீடு வீடாக ஏறி, பிரான்சில் இருக்கும் பேரப்பிள்ளைகளின் பழைய பெட்டியைப் பார்க்கச் சொன்னார். முப்பது வருடத்தில் டிஷர்ட், தொப்பி, காலுறை, மழைக்கோட்டு, இடுப்புவார், ஓடாத கைக்கடிகாரம் என்று நாற்பத்தெட்டு உருப்படி சேர்ந்தது. சின்னப் பிள்ளைகளின் சட்டையாக வந்தால் ரோஸி மேரி இரண்டு பக்கமும் பிரித்து, வேறு துணி கொடுத்து அகலப்படுத்துவாள். கிழிந்தால் தைப்பாள். தைத்த இடம் கிழிந்தால் அதன்மேல் தைப்பாள். சகாயம் ஒரு குறையும் இல்லாமல் சட்டை போட்டுக்கொண்டு பூசைக்குப் போனான், கடைக்குப் போனான், யார் வீட்டுக் கல்யாணமானாலும் முதல் பந்தியில் உட்கார்ந்தான்.

இதை ஒரு கல்லூரிப் பெண் செய்தித்தாளில் எழுதினாள். 'கரடிச் சட்டைகளின் காவலர்' என்று தலைப்புப் போட்டிருந்தாள். அடுத்த வாரமே பேணகம் வந்தது.

பேணகம் என்றால், தொலைக்காட்சிச் சித்திர உடைமரபுப் பேணகம். பாகூரில், ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தில் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. இயக்குநர் இருந்தார், பாதுகாப்பு அலுவலர் இருந்தார், காவலாளி இருந்தார், மூன்று துணைக்குழுக்கள் இருந்தன. வைக்கத்தான் பொருள் எதுவும் இல்லை.

இயக்குநர் அரிகரன் பொன்னாடையைப் போர்த்திவிட்டுத் தெருவே கேட்கும்படி பேசினார். "பாஸ்கல் ஐயா அவர்களே! இத்தனை நாள் இந்தச் செல்வத்தை நீங்கள் ஒரு மனித உடம்பின்மேல் வைத்துப் பாதுகாத்திருக்கிறீர்கள். அறியாமைதான். மன்னித்துவிட்டோம். உடைக்கு முதல் எதிரி மனிதன், கரையான்கூட இரண்டாவதுதான். மனிதனுக்கு வியர்க்கும், மனிதன் உட்காருவான், எழுந்திருப்பான். ஒரு உடையால் எவ்வளவுதான் தாங்க முடியும்?"

பாஸ்கல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பதினைந்து நாள் ஆவணப்படுத்திவிட்டுத் திருப்பித் தருவோம் என்றார்கள். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். கையுறை மாட்டிக்கொண்டு பாதுகாப்பு அலுவலர் ஜெயசுதா ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். நாற்பத்தேழு. நாற்பத்தெட்டாவது சகாயத்தின் உடம்பில் இருந்தது.

பத்தாவது நாள் ஜீப் மறுபடி வந்தது.

"பட்டியல்ல நாற்பத்தெட்டு இருக்கு. கைவசம் நாற்பத்தேழுதான்" என்றாள் ஜெயசுதா. "ஒரு பொருள் தொகுப்புக்கு வெளியே போயிருக்கு. இதை நாங்க காணாமப் போனதுன்னு எழுதணும். எழுதினா போலீசுக்குப் போகணும்."

"காணாம எங்க போச்சு? தோ, எம்புள்ள மேலதான் கீது" என்றாள் ரோஸி மேரி.

"அதைத்தாம்மா நாங்களும் சொல்றோம். இருக்கவேண்டிய இடத்துல இல்ல."

போலீஸ் என்ற சொல்லைக் கேட்டு பாஸ்கல் பயந்துபோனார். சகாயத்தைக் குளிக்க அனுப்பினார். அவன் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்தபோது கொடியில் சட்டை இல்லை. கொடியின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரை கையால் தடவிக்கொண்டே போனான். பிறகு மார்பை மூடிக்கொண்டு உள்ளே போனவன், அப்புறம் வெளியே வரவில்லை.

பதினைந்து நாள் போய் ஒரு மாதம் ஆனது. சகாயம் சரியாகச் சாப்பிடவில்லை. மார்பில் இருந்து கையை எடுத்தால்தானே சாப்பிட முடியும்? ரோஸி மேரி ஊட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடிக்கும்போது எழுந்து வாசற்படிவரை வருவான். தன் உடம்பைக் குனிந்து பார்ப்பான். திரும்பிப் போய்விடுவான்.

பாஸ்கல் இரண்டு பஸ் மாறி பாகூர் போனார். காவலாளி சுப்புராயன் ஒரு படிவத்தைக் கொடுத்தார். 'பொருள் தேவைப்படும் காரணம்' என்று இருந்தது. கீழே நான்கு கட்டங்கள்: ஆய்வு, கண்காட்சி, புகைப்படம், பூச்சிமருந்து.

"இதுல போட்டுக்கறதுக்குன்னு இல்லியே" என்றார் பாஸ்கல்.

"யாருபா அதுக்குக் கேக்கறாங்க?" என்றார் சுப்புராயன். அவரும் பாகூர்க்காரர்தான், கரும்பு வெட்டிக்கொண்டிருந்து இந்த வேலைக்கு வந்தவர். "பூச்சிமருந்துல டிக் அடி. அதுதான் சீக்கிரம் மூவ் ஆவும்."

பாஸ்கலுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. ஓரத்தில் 'உடுத்த' என்று எழுதினார். அந்த ஒரு சொல்லால் மனு உடுத்தல் துணைக்குழுவுக்குப் போனது. உடுத்தலைத் தடுப்பதற்காக அமைத்த குழு அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். அந்த முறை கூடியபோது, உடுத்தல் என்றால் முழுதாக உடுத்துவதா, தோளில் போட்டுக்கொள்வதும் சேருமா என்ற கேள்வி எழுந்து, அதற்கு விளக்கம் கேட்டு எழுதிவிட்டுக் கலைந்தது.

பாஸ்கல் விடவில்லை. வாரம் ஒருமுறை போனார். ஒருநாள் ஜெயசுதா அவரை உள்ளே கூப்பிட்டாள். நீளமான மேசைமேல் டிஷர்ட்டுகள் கிடந்தன. அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"பொருள் எண் பதினேழு. மார்புப் பகுதியில மஞ்சள் கறை. பரிசோதனைக்கு அனுப்பினோம். தாவரமும் தாதுவும் கலந்த திரவம்னு வந்திருக்கு. இது எந்தக் காலத்துக் கறைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பாஸ்கல் குனிந்து பார்த்தார். "ரசம்மா. ரோஸி வெச்ச ரசம். ஆரோக்கியமாதா திருவிழாவுல சிந்திக்கினான்."

அவள் எழுதிக்கொண்டாள்: 'ரசம் என்பது செவிவழிச் செய்தி.'

பாஸ்கல் அந்தச் சட்டையைத் தொடப்போனவர், கையை இழுத்துக்கொண்டார். சட்டை சிறுத்திருந்தது. ரோஸி மேரி இரண்டு பக்கமும் கொடுத்திருந்த துணியைக் காணோம். தோளில் அவள் தைத்திருந்த கிழிசல் மறுபடி கிழிசலாகவே இருந்தது.

"இன்னாம்மா இது? தச்சதெல்லாம் பிரிஞ்சிகீது?"

"பிரிஞ்சிடல. பிரிச்சோம்." ஜெயசுதாவின் முகத்தில் வேலையைச் சுத்தமாகச் செய்தவளின் நிறைவு இருந்தது. "அனுமதியில்லாத தையல் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு இடத்துல இருந்துச்சு. எல்லாத்தையும் நீக்கி, கிழிசலைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துட்டோம். ரெண்டு மாச வேலை சார்."

"அந்தத் துணியெல்லாம்?"

"கழிவு."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாஸ்கல் இதைச் சொல்லவில்லை. ரோஸி மேரி கேட்டாள். "சட்டையெல்லாம் நல்லாக்கீதா?" என்றாள். "நல்லாக்கீது" என்றார். "தொவைக்கறாங்களா?" "ம்." "சவுக்காரம் அதிகமாப் போட வேணாம்னு சொல்லு. சாயம் போவும்." சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் பின்பக்கம் போய்க் கிணற்றடியில் நின்றார்.

ஆவணி மாதத்தில் பேணகத்துக்குத் திறப்புவிழா வைத்தார்கள். பந்தல், நாதஸ்வரம், பாகூர் கடைத்தெரு முழுக்கப் பதாகை. பாஸ்கலுக்கு மேடையில் கடைசி நாற்காலி. அரிகரன் முக்கால் மணி நேரம் பேசினார்.

"சிலர் என்னைக் கேட்கிறார்கள், இந்தச் சட்டைகளால் யாருக்கு என்ன பயன் என்று. பெருமையோடு சொல்கிறேன், யாருக்கும் இல்லை! ஒரு பொருளால் ஒருவருக்கும் பயன் இல்லாமல் போகும்போதுதான் அது எல்லாருக்கும் பொதுவாகிறது. அந்த நிலைக்கு இதைக் கொண்டுவர இந்தப் பேணகம் இரவுபகலாகப் பாடுபட்டிருக்கிறது."

கைதட்டினார்கள். விழா முடிந்து எல்லாரும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் சட்டைகள் ஆணியில் தொங்கின. கீழே ஒரு பலகை: 'உடுத்தியவர்: அடையாளம் தெரியாதவர்.'

"சார், எம்புள்ள சார்" என்றார் பாஸ்கல். "சகாய சுரேஷ். வூட்டுலதான் கீறான்."

அரிகரன் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். "தெரியும் ஐயா. ஆனா அடையாளம் தெரியாதவர்னு போட்டாத்தான் வர்றவங்களுக்கு ஒரு ஏக்கம் வரும். உங்க பிள்ளை பேரைப் போட்டா, யாரோ ஒருத்தர்னு ஆயிடும்."

விழாவுக்கு வந்தவர்களுக்கு ஏக்கம் வரவில்லை. ஆணியில் தொங்கும் பழைய துணியைப் பார்க்க அடுத்த நாளில் இருந்து யாரும் வரவில்லை. சட்டை மாட்டிவைக்கப் பொம்மைகள் வாங்குவதாகத்தான் திட்டம். டெண்டர் எங்கோ சிக்கிக்கொண்டது. ஒன்றரை மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அரிகரன் ஒரு முடிவு எடுத்தார். ஜீப் மூன்றாவது முறையாக பாஸ்கல் வீட்டு வாசலுக்கு வந்தது.

பொம்மை வரும்வரை சகாயத்தை அனுப்ப வேண்டும். காலை பத்தில் இருந்து மாலை ஐந்துவரை அவன் குடைக்கரடிச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். "இது உடுத்தல்ல சேராது" என்று ஜெயசுதா விளக்கினாள். "காட்சிக்கு மாட்டிவைக்கறது. உங்க பையன் தாங்கி. உயிர்த்தாங்கின்னு விதியில இடம் இருக்கு."

ரோஸி மேரி புருஷனைப் பார்த்தாள். "சட்டை போட்டுக்குவான் இல்ல?" என்றாள். அவளுக்கு அது ஒன்றுதான் கேட்கவேண்டி இருந்தது.

பாஸ்கல் அவனைப் போர்வை போர்த்தி பஸ்ஸில் கூட்டிப்போனார். நாற்பத்தெட்டில் தையல் பிரித்தபிறகும் அவனுக்குச் சேரக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஜெயசுதா கையுறையோடு அதை எடுத்துக் கொடுத்தாள். சகாயம் நகத்தால் கரடியின் கண்ணைத் தடவினான். தலைவழியாகப் போட்டுக்கொண்டான். ஏழு மாதத்துக்குப்பின் மார்பில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்தான். பாஸ்கல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

தினமும் போனார்கள். கயிறு கட்டிய இடத்துக்குள் சகாயம் உட்கார்ந்திருப்பான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அவன் சிரித்தான், அவர்களும் சிரித்தார்கள். கூட்டம் வர ஆரம்பித்தது. தாங்கி சிரிக்கலாமா என்று துணைக்குழு எழுதிக் கேட்டது. மிதமாகச் சிரிக்கலாம் என்று பதில் வந்தது. மதியம் சாப்பாட்டுக்குச் சட்டையைக் கழற்றிவிட வேண்டும், ரசம் மறுபடி சிந்தக்கூடாது. பாஸ்கல் போர்வையைப் போர்த்தி ஊட்டிவிடுவார். சரியாக ஐந்து மணிக்கு ஜெயசுதா வந்து சட்டையை வாங்கிப் பூட்டுவாள். அந்த நேரம் மட்டும் கஷ்டம். சகாயம் சட்டையின் அடிப்பகுதியை இறுகப் பிடித்துக்கொள்வான். சுப்புராயன் விரல் விரலாகப் பிரித்துவிடுவார். "நாளைக்குப் போட்டுக்கலாம்டா, நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டே பிரிப்பார். அவன் முகத்தைப் பார்க்கமாட்டார்.

இப்படியே இரண்டு மாதம் போனது. பிள்ளை பகலிலாவது சட்டையோடு இருக்கிறானே என்று பாஸ்கல் மனசைத் தேற்றிக்கொண்டார்.

பிறகு தணிக்கை வந்தது. மறுநாள் மதியம் மூன்று மணிக்கு ஜெயசுதா ஒரு பதிவேட்டோடு கூடத்துக்கு வந்தாள். "சின்னக் கையெழுத்து சார். தளவாடப் பட்டியல்ல ஒண்ணு விட்டுப்போயிருக்காம்."

பாஸ்கல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மேசை, மரம், நான்கு. நாற்காலி, பிளாஸ்டிக், இருபது. மின்விசிறி, ஆறு. அதற்கடுத்து புது மையில் எழுதியிருந்தது: தாங்கி, மனித வகை, ஒன்று. நிலை: நன்று. எதிர்பார்க்கும் உழைப்பு: பத்து ஆண்டு. நன்கொடை அளித்தவர்: பாஸ்கல்.

இரண்டு முறை படித்தார்.

"இதுல தப்பு எதுவும் இல்லையே?" என்றபடி அரிகரனும் வந்துவிட்டார். "ஐயா, நீங்க இதைப் பெருமையா நினைக்கணும். இந்த நாட்டுல எத்தனையோ கோடிப் பேர் எந்தப் பதிவேட்டுலயும் இல்லாமப் போயிடறாங்க. உங்க பிள்ளைக்கு ஒரு எண் கிடைக்குது. ஒரே ஒரு விஷயம், தளவாடம் வளாகத்தை விட்டு வெளிய போகணும்னா கேட் பாஸ் வேணும். சாயந்திரம் நீங்க கூட்டிப்போறதுக்குத் தினமும் எழுதிக் கொடுக்கணும். பெரும்பாலும் கிடைச்சுடும்."

"கெடைக்கலன்னா?"

அரிகரன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "இடம் நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

பாஸ்கல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கரிக்கலாம்பாக்கத்தில் இருந்து வந்த ஒரு குடும்பம் நின்றிருந்தது. சின்னக் குழந்தை ஒன்று சகாயத்தின் கரடியைக் காட்டி ஏதோ சொல்ல, அவன் மிதமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். சட்டையோடு இருந்தான். முதுகு நிமிர்ந்து, கை மடியில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் நாளைக்கும் இப்படியே இருப்பான். பத்து வருடம் இருப்பான்.

பேனாவை மூடி பதிவேட்டின்மேல் வைத்தார்.

"வேணாம் சார்."

கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். "சகாயம், வூட்டுக்குப் போலாம் கண்ணு. சட்டையக் கழட்டு."

சகாயம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து ஆகவில்லை என்று அவனுக்குத் தெரியும். சட்டையின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சுப்புராயன் வழக்கம்போல் விரலைப் பிரிக்க வந்தார். "நீ இரு" என்று பாஸ்கல் அவரைத் தடுத்தார்.

என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. பிறகு தன் வெள்ளைச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். பூசைக்கும் பாகூருக்கும் மட்டும் போடுகிற சட்டை. கழற்றி நாற்காலியின் கையில் போட்டார். பனியன் போடும் வழக்கம் இல்லை. நரைத்த மார்பும் ஒட்டிய வயிறுமாக, அத்தனை பேர் பார்க்க, கூடத்தின் நடுவில் நின்றார்.

சகாயம் அப்பாவின் உடம்பை வெகுநேரம் பார்த்தான். எழுந்து நின்றான். சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் தாமாகப் பிரிந்தன. இரண்டு கையையும் மேலே தூக்கினான். பாஸ்கல் டிஷர்ட்டைத் தலைவழியாக உருவி, மடித்து, ஜெயசுதாவின் கையுறைக் கையில் வைத்தார்.

"சார், பதிவேட்டுல நான் இன்னானு எழுதறது?" என்றாள் ஜெயசுதா. ஒன்பது மாதத்தில் முதல்முறையாக அவள் வாயில் ஊர்ப் பேச்சு வந்திருந்தது.

"எம்புள்ளன்னு எழுதும்மா."

அப்படி ஒரு பத்தி பதிவேட்டில் இல்லை. அன்று மாலையே காலி நாற்காலியின்மேல் ஒரு பலகை வைத்தார்கள் என்று பிறகு சுப்புராயன் போனில் சொன்னார். 'தாங்கி பழுதுபார்ப்புக்காக அனுப்பப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' அந்தப் பலகையைப் பார்க்கவும் கொஞ்சம் பேர் வருகிறார்களாம்.

பஸ்ஸில் அப்பாவும் மகனும் வெற்றுடம்போடு ஏறினார்கள். வெள்ளைச் சட்டையையும் போர்வையையும் பாஸ்கல் கக்கத்தில் சுருட்டி வைத்திருந்தார்.

"இன்னா பெரீவரே, ரெண்டு பேரும் குளிக்கவா போறீங்க?" என்றான் கண்டக்டர். இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போனான்.

சகாயம் ஜன்னலோரம் உட்கார்ந்து மார்பை மூடிக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போய் ரோஸி மேரியிடம் என்ன சொல்வது, ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும்போது இவனை என்ன செய்வது, ஒன்றும் பாஸ்கலுக்குத் தெரியவில்லை. ஏரிக்கரை ஓரம் பஸ் வேகம் எடுத்தது. தண்ணீர்மேல் இருந்து வந்த காற்று ஜன்னல்வழியாக நேராக உள்ளே அடித்தது. சகாயத்துக்குத் தோள் சிலிர்த்தது. கொஞ்ச நேரம் பொறுத்து, ஒரு கையை மட்டும் மார்பில் இருந்து எடுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்தான்.

"ஜில்லுன்னு கீது" என்றான்.

அன்றைக்கு அவன் பேசிய முதல் பேச்சு அது. "ஆமாடா" என்றார் பாஸ்கல்.